குழந்தையின் ஜீவனாம்சம்

'ஜீவனாம்சம்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர் மனத்தில் ஒரே ஒரு சித்திரம்தான் தோன்றுகிறது. புருஷனை விட்டுப் பிரிந்த ஒரு ஸ்திரீ, வக்கீல் குமாஸ்தாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கிக் கோர்ட்டுப் படி ஏறுகிறாள். எதிர்ப்புறத்தில் அவளுடைய புருஷன் முகத்தைத் திருப்பிக் கொண்டு நிற்கிறான். இருவருக்கும் நடுவே பணம் என்ற பேச்சு. இந்தச் சித்திரத்தில் குழந்தையைக் காணோம். அப்படியே இருந்தாலும் தாயாரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொண்டு நிற்குமே தவிர, தனக்கென்று ஒரு கேள்வி உடையதாக நாம் அதை நினைப்பதில்லை. சட்டமோ அப்படி நினைக்கவில்லை. மனைவியின் ஜீவனாம்சம் ஒன்று. குழந்தையின் ஜீவனாம்சம் வேறொன்று. முன்னது இல்லாமற் போகலாம். பின்னது அவ்வளவு எளிதில் இல்லாமற் போவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அறியாததனால் எத்தனையோ குடும்பங்களில் பெரியவர்கள் கையெழுத்துப் போடக் கூடாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறோம். அவருடைய பெண் இரண்டு குழந்தைகளுடன் பிறந்தகம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூத்தது பெண், வயது 13. இளையது பையன், வயது 8. மாப்பிள்ளை சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறார், மாதம் ரூ. 80,000 சம்பளம். இந்தப் பதினெட்டு மாதத்தில் அவர் அனுப்பியது, தீபாவளிக்குப் பையனுக்கு ஒரு சட்டையும் பெண்ணுக்கு ஒரு கைக்கடிகாரமும். பெரியவரின் பெண் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உபாத்தியாயினியாக அமர்ந்து மாதம் ரூ. 18,000 வாங்குகிறாள். இப்போது இரு தரத்து உறவினர்களும் கூடி, பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து வாங்கிக் கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து ரூ. 5 லட்சம் ஒரே தொகையாகத் தருவார்களாம். அதற்கு மேல் 'குழந்தைகள் விஷயமாக இனி எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்து விட வேண்டுமாம்.

"பேரக் குழந்தைகளுக்குச் சோறு போட எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. விரோதம் முற்றிய வீட்டுப் பணம் நமக்கு எதற்கு? கொடுப்பதை வாங்கிக் கொண்டு எழுதிக் கொடுத்து விடலாமா, அதையும் வேண்டாமென்று சொல்லி விடலாமா?" என்று கேட்கிறார் பெரியவர்.

அவருடைய மானம் பெரியது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. வேண்டாமென்று சொல்வதற்கு அந்தப் பணம் அவருடையது அன்று. அவர் பெண்ணுடையதும் அன்று. பதின்மூன்று வயதுச் சிறுமியும் எட்டு வயதுப் பையனும் வேண்டாமென்று சொல்ல வேண்டும். அவர்களோ மைனர்கள், சொல்ல முடியாது. தாயார் தனக்குரிய ஜீவனாம்சத்தை ராஜியில் விட்டுக் கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை அவள் விட்டுக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டாது என்று நமது கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆகவே, 'இனி எக்காலத்திலும் பாத்தியதை இல்லை' என்ற வாசகம் காகிதத்துக்குத்தான் அலங்காரம். நாளைக்குக் குழந்தையின் பேரால் மனுப் போட அது தடையாகாது. ஆனாலும் அப்படி எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். தடையாகாது என்பதைப் பின்னால் கோர்ட்டில் வாதாடி நிலைநாட்டுவதற்குள் பையன் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்து விடுவான்.

ஐந்து லட்சம் என்றால் காதுக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. பென்சிலை எடுத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆக இன்னும் 5 வருஷம், அதாவது 60 மாதம். பையனுக்கு 10 வருஷம், 120 மாதம். மொத்தம் 180 மாதம். ஐந்து லட்சத்தை 180-ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 2,780-க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. வட்டியைக் கூட்டிக் கொள்ளுங்கள். பத்து வருஷத்து விலைவாசி உயர்வை அதற்கு எதிரில் வையுங்கள். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். மாதம் எண்பதினாயிரம் வாங்கும் தகப்பனார் தம் குழந்தையின் சோறு, துணி, வீடு, வைத்தியம், படிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தொகை இது. பள்ளிக்கூடத்துச் சம்பளமும் பஸ் கட்டணமும் போக மிச்சத்தில் என்ன வாங்கலாம் என்பதை நேயர்களில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

விவாகரத்து ஆனால்தான் இந்தக் கடமை பிறக்கிறது என்று எண்ணுகிறவர்கள் பலர். சரித்திரத்தைப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்பது தெரியும். சென்னை மாகாணத்தில் ஹிந்துக்களுக்கு விவாகரத்து என்பதே 1949-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் வந்தது. தேசம் முழுவதற்கும் 1955-ல் ஹிந்து விவாகச் சட்டம் வந்தது. ஆனால் குழந்தையைக் காப்பாற்ற மறுக்கும் தகப்பனை மாஜிஸ்திரேட் கூப்பிட்டு 'மாதா மாதம் இவ்வளவு கொடு' என்று சொல்லும் அதிகாரம் 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவிலேயே இருந்தது. அதாவது நம் பக்கத்தில் ஹிந்துக்களின் விவாகரத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது குழந்தையின் கேள்வி! தகப்பனும் தாயும் சட்டப்படி புருஷன் மனைவியாகவே இருக்கலாம், வெவ்வேறு ஊரில் இருக்கலாம், விவாகரத்து வழக்கு நடந்து கொண்டிருக்கலாம், முடிந்தும் போயிருக்கலாம். அவன் குழந்தையைக் கவனிக்கத் தவறினானா, அவனுக்குச் சக்தி இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். விவாகமே செல்லாததானாலும், விவாகம் இல்லாமலே பிறந்த குழந்தையானாலும் இந்த உரிமை உண்டு. பெற்றவர்களின் தவறுக்குப் பிள்ளையைப் பட்டினி போடச் சட்டம் சம்மதிக்கவில்லை.

வெள்ளைக்கார சர்க்காருக்குக் குழந்தைகளின் பேரில் ஏதோ தனிக் கருணை பொங்கி வழிந்ததனால் அந்தப் பிரிவு எழுதப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கைவிடப்பட்ட மனைவியும் மக்களும் தெருவில் அலைந்து பிச்சைக்கும் திருட்டுக்கும் போகாமல் தடுப்பது போலீஸாருக்குச் சௌகரியம். ஆகையால்தான் சிவில் சட்டத்தில் இருக்க வேண்டிய விஷயம் கிரிமினல் சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. தொகைக்கும் ஓர் எல்லை கட்டினார்கள். முதலில் மாதம் ரூ. 50, 1923-ல் ரூ. 100, சுதந்திரம் வந்த பிறகு 1955-ல் ரூ. 500. அதற்கப்புறம் நமது சொந்தப் பார்லிமெண்டுக்கே இந்த விஷயத்தில் நல்ல தூக்கம் வந்து விட்டது. 1973-ல் சட்டத்தையே புதிதாக எழுதி 125-வது பிரிவு என்று எண்ணை மாற்றியபோதுகூட ஐந்நூறு ஐந்நூறாகவே நின்றது. சில ராஜ்யங்கள் தம் அளவில் உயர்த்திக் கொண்டன. ஐந்நூறு ரூபாய் என்பது மனைவி மக்கள் எல்லோருக்கும் சேர்த்தா, தனித்தனியாகவா என்று ஒரு தர்க்கம் வேறு! 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அந்த எல்லை ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்று பொருள் சொல்லி வைத்தார். கடைசியில் 2001-ஆம் வருஷம் எல்லை அடியோடு எடுபட்டது. இப்போது உச்சவரம்பு என்று ஒன்று இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம் அமுலில் இருக்கிறது. அதில் இந்த விஷயம் 144-வது பிரிவு. பழைய எண் மக்கள் வாயில் நிலைத்து விட்டபடியால் இன்னும் சில காலம் '125' என்றே பேச்சு வழங்கும் என்பதில் சந்தேகமில்லை.

இது எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி. இதைத் தவிர ஹிந்துக்களுக்கு 1956-ஆம் வருஷத்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவு இருக்கிறது. விவாகரத்து வழக்கு நடக்கும்போதும், தீர்ப்பான பிறகும், குழந்தையின் பராமரிப்பையும் படிப்பையும் பற்றி உத்தரவு கேட்க ஹிந்து விவாகச் சட்டத்தின் 26-வது பிரிவு இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்திலும், பதிவு விவாகம் செய்து கொண்டவர்களுக்கு 1954-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இதே போன்ற வாசகங்கள் உண்டு. முஸ்லிம் குழந்தைகள் விஷயத்தில் ஒரு குழப்பம் இருந்தது. 1985-ல் ஷா பானோ வழக்கின் தீர்ப்பைத் தொடர்ந்து 1986-ல் வந்த சட்டத்தில், குழந்தை பிறந்து இரண்டு வருஷம் வரையில் தாயாருக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றி ஒரு வாசகம் இருக்கிறது. அதை வைத்துக் கொண்டு, இரண்டு வருஷத்தோடு தகப்பன் கடமை தீர்ந்தது என்று வாதாடினார்கள். 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளி விட்டது. தாயாருக்குரியது வேறு, குழந்தைக்குரியது வேறு. மேஜராகும் வரை, பெண்ணானால் விவாகமாகும் வரை, தகப்பன் பொறுப்பு தொடரும் என்று சொல்லி விட்டது.

இனி, எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் இதற்கு ஒரு வாய்பாடே வைத்திருக்கிறார்கள். அங்கே தொகையைக் கணக்கிட்டு வசூலிக்க ஒரு சர்க்கார் இலாகா இருக்கிறது. சாதாரண வருமானமுள்ள தகப்பனானால் மொத்த வருமானத்தில் ஒரு குழந்தைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, இருவருக்குப் பதினாறு, மூவரும் அதற்கு மேலும் ஆனால் பத்தொன்பது. குழந்தை தகப்பனிடம் தங்கும் இரவுகளுக்கு ஏற்றபடி குறைப்பும் உண்டு. ஜெர்மனியில் தகப்பன் கொடுக்கத் தவறினால் சர்க்காரே ஒரு தொகையை முன்பணமாகக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலிக்கப் போகிறது. நம் தேசத்தில் வாய்பாடும் இல்லை, முன்பணமும் இல்லை. சம்பளத்தில் கால் பங்கு என்று சிலர் சொல்வதுண்டு. சில தீர்ப்புகளில் மனைவிக்கு அப்படி ஓர் அளவு பேசப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் அது சட்டத்தில் எழுதிய விதி அன்று. இங்கிலாந்து வாய்பாட்டை நமது பெரியவரின் மாப்பிள்ளைக்கு ஒரு வேடிக்கைக்காகப் பொருத்திப் பார்த்தால் இரண்டு குழந்தைகளுக்கு மாதம் ரூ. 12,800 வருகிறது. ஐந்து லட்சம் ரூபாய், நாற்பது மாதத்துக்குள் தீர்ந்து போகும் தொகை!

வாய்பாடு இல்லாதபோது நம் நாட்டு நீதிபதி என்ன செய்கிறார்? இரு தரத்தாரின் வரவு செலவையும் பார்க்கிறார். இங்கேதான் வெகு காலமாகக் கண்ணாமூச்சி நடந்து வந்தது. கோர்ட்டுக்கு வரும் வரையில் மோட்டார் காரில் போய் வந்த மனிதர், கூண்டில் ஏறியவுடன் தமக்கு வேலையே இல்லை என்பார். வியாபாரம் தம்பி பேரில் இருக்கும். வீடு தாயார் பேரில் இருக்கும். மனைவி தரத்திலும் சில சமயம் தம் சம்பாத்தியத்தை மறைப்பதுண்டு. நியாயத்துக்காக இதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் அளித்த தீர்ப்பு இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தது. இரு தரத்தாரும் தம் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் விவரமான ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி விசாரணை உண்டு. குழந்தையின் உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம், படிப்பு எல்லாம் ஜீவனாம்சக் கணக்கில் சேரும். மிதமான அளவில் பாட்டு, தையல், விளையாட்டுப் பயிற்சி போன்றவையும் சேரலாம். படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தகப்பனே ஏற்க வேண்டும்; தாயாரும் போதுமான அளவு சம்பாதிக்கிறவளானால் இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிர்ந்து கொள்ளலாம்.

வருமானத்துக்கு ஏற்பப் பகிர்வது எப்படி என்பதற்கு 2000-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்த்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். இருவரும் உத்தியோகஸ்தர்கள், தகப்பனார் வருமானம் தாயாருடையதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 3,000 தேவை என்று வைத்து, தகப்பனார் இரண்டு பங்கு, தாயார் ஒரு பங்கு என்று கோர்ட்டார் பிரித்தார்கள். பெரியவர் வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் நியாயமான செலவு மாதம் ரூ. 20,000 என்று வைத்துக் கொண்டால், 80-க்கு 18 என்ற விகிதத்தில் தகப்பனார் பங்கு சுமார் ரூ. 16,300, தாயார் பங்கு ரூ. 3,700. இது நாம் போட்ட கணக்கே ஒழிய எந்தக் கோர்ட்டும் இதைத்தான் கொடுக்கும் என்று உறுதி சொல்ல மாட்டோம். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, ஜுரம் வந்தால் இரவெல்லாம் கண் விழிக்கிறாளே, அந்தப் பங்குக்கு ரூபாயில் என்ன மதிப்பு என்பதை நமது கணக்கில் சேர்க்கவும் இல்லை.

"வேலை போய் விட்டது" என்ற பதிலுக்கு என்ன செய்வது? உடம்பில் தெம்புள்ள மனிதன், சம்பாதிக்க வழியில்லை என்று வெறுமனே சொல்லித் தப்ப முடியாது. உடலுழைப்பினாலாவது சம்பாதித்து மனைவி மக்களைக் காப்பாற்றுவது அவன் கடமை என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் வற்புறுத்தியது. ஆனால் உண்மையாகவே வருமானம் குறைந்து விட்ட தகப்பனாருக்கு வழியே இல்லாமல் இல்லை. உத்தரவிட்ட கோர்ட்டுக்கே போய், நிலைமை மாறி விட்டது என்று காட்டித் தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம். குழந்தை பெரிய வகுப்புக்குப் போகும்போது கூட்டும்படி தாயாரும் கேட்கலாம். தானாகவே நிறுத்தி விடுவதுதான் கூடாது. அப்படி நிறுத்தினால் பாக்கி கழுத்தில் ஏறிக் கொண்டே போகும். சொந்தச் சௌகரியத்துக்காக வாங்கிய கார்க் கடன் தவணையையும் வீட்டுக் கடன் தவணையையும் காட்டி, 'கையில் மிஞ்சுவது இவ்வளவுதான்' என்று சொல்வதையும் கோர்ட்டுகள் சாதாரணமாக ஏற்பதில்லை.

பெரியவரின் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. "குழந்தைகளை என்னிடம் அனுப்பட்டும், ராஜா மாதிரி வைத்துக் கொள்கிறேன். அங்கே இருக்கும் வரையில் ஒரு காசு கிடையாது" என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது தனி வழக்கு. அதில் தகப்பனுக்கும் உரிமை உண்டு. குழந்தையின் நன்மையே அங்கே அளவுகோல். ஆனால் அது தீரும் வரையில் குழந்தை சாப்பிடாமல் இருக்க முடியுமா? பணம் கொடுப்பதற்குக் குழந்தையைப் பிணையாக வைப்பது செல்லாது. இதையே திருப்பித் தாயார்களுக்கும் சொல்கிறோம். பணம் வரவில்லை என்பதற்காகத் தகப்பனைக் குழந்தை பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்துவதும் சரியன்று. கோர்ட்டார் பார்க்க அனுமதித்திருந்தால் பார்க்க விட வேண்டும். பணத்துக்கு வேறு பரிகாரம் இருக்கிறது. 'உங்கப்பா பணம் அனுப்பவில்லை' என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்லி அனுப்புகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பாவம், அவன் என்ன பில் கலெக்டரா?

அந்த வேறு பரிகாரம் என்ன என்று பார்ப்போம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட பிறகும் கொடுக்கவில்லையானால், பாக்கியை அபராதம் வசூலிப்பதுபோல் வசூலிக்க வாரண்டு பிறப்பிக்கலாம். அப்புறமும் செலுத்தாவிட்டால் ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரையில் சிறை வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் துணிந்து உள்ளே போய் உட்கார்ந்து விடுவதுண்டு. அது வெறும் மனப்பால். சிறை என்பது வசூலிக்கும் முறைகளில் ஒன்று. பணம் கொடுத்தால்தான் கடன் தீரும் என்று சுப்ரீம் கோர்ட்டு முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பே சொல்லி விட்டது. சிவில் கோர்ட்டு டிக்ரியைப் போல நிறைவேற்றும் வழியும் உண்டு. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் ஜப்தி செய்யலாம். ஜீவனாம்ச டிக்ரிக்கோ சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடக் கூடாது. இதில் தாயார்கள் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது: வாரண்டு கேட்டு மனுப் போடுவது, அந்தப் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். 'எப்படியும் கொடுத்து விடுவார்' என்று மூன்று வருஷம் காத்திருந்து விட்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வருஷத்துப் பாக்கியை இந்த வழியில் வசூலிப்பது கடினம்.

எது வரையில் கொடுக்க வேண்டும் என்பதிலும் ஒரு பேதம் உண்டு. பையனுக்குப் பொதுவாகப் பதினெட்டு வயது வரையில். உடம்பிலோ மனத்திலோ குறையினால் தானே பிழைக்க முடியாதவனானால் அதற்குப் பிறகும். காலேஜ் படிப்பை நடுவில் விடக் கூடாது என்று பட்டம் பெறும் வரையில் கொடுக்கச் சொன்ன தீர்ப்புகளும் இருக்கின்றன. விவாகமாகாத ஹிந்துப் பெண், தன் சம்பாத்தியத்தினாலோ சொத்தினாலோ பிழைக்க முடியாதவளானால், பதினெட்டு வயது கடந்த பிறகும் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி தகப்பனிடம் கேட்கலாம். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கியபோது, அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் அந்தச் சட்டத்தின் கீழேயே போக வேண்டும் என்றும் சொல்லிற்று. பெரியவரின் பேத்தி விஷயத்தில் இது முக்கியம். இப்போது எழுதும் ராஜிப் பத்திரத்தில் அவளுடைய காலேஜுப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே!

ஆகவே அவர் என்ன செய்யலாம்? பரஸ்பர சம்மத விவாகரத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனம் ஒன்றாதவர்கள் மரியாதையாகப் பிரிவதே மேல். பெண் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதும் அவள் இஷ்டம். ஆனால் குழந்தைகளுக்கு மட்டும் தனி வாசகம் இருக்கட்டும். மாதம் இவ்வளவு, இன்ன தேதிக்குள் இன்ன பாங்கியில். வருஷத்துக்கு இவ்வளவு வீதம் கூட வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளமும் பெரிய வைத்தியச் செலவும் இன்ன விகிதத்தில் தனியாக. ஒரே தொகையாகத்தான் தருவேன் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், தொகை இன்னும் பன்மடங்கு இருக்க வேண்டும். அதுவும் குழந்தைகளின் பேரில் பாங்கியில் டிபாசிட்டாக இருந்து, வட்டி மாதா மாதம் வரும்படி செய்து கொள்ள வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கையில் வாங்கவே கூடாது. கொடுக்கிற தகப்பனாருக்கும் இதுவே க்ஷேமம். நாளைக்கு 'கொடுத்தேன்', 'கொடுக்கவில்லை' என்ற வழக்குக்கு இடமிராது.

அவர்கள் சம்மதிக்கா விட்டால் மனுப் போட வேண்டியதுதான். இதற்காகப் பெண் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அவள் இப்போது வசிக்கும் ஊருக்கு அதிகாரமுள்ள கோர்ட்டிலேயே போடலாம். வக்கீல் சம்பளத்துக்குப் பயப்படவும் வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும், அவர்கள் வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லாக் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் விசாரிக்கலாம். போகும்போது குழந்தைகளின் பிறப்புச் சான்று, விவாகத்துக்கு அத்தாட்சி, பள்ளிக்கூட ரசீதுகள், வைத்தியர் சீட்டுகள், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் காட்டும் ஏதாவதொரு காகிதம் ஆகியவற்றை எடுத்துக் கொள்ள வேண்டும். சம்பளக் காகிதம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை; மேலே சொன்ன பிரமாணப் பத்திரத்தில் அவரே எழுத வேண்டியிருக்கும். வழக்கு முடியும் வரையில் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அந்த மனுவை, எதிரிக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை அறுபது நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அறுபது நாள் சில இடங்களில் ஆறு மாதமாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். எந்தத் தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிடுவது என்பதில் முன்பெல்லாம் கோர்ட்டுக்குக் கோர்ட்டு மாறுபாடு இருந்தது. 2020-ஆம் வருஷத்துத் தீர்ப்பு அதையும் ஒழுங்கு செய்து, மனுப் போட்ட தேதியிலிருந்து என்று வைத்து விட்டது. வழக்கு எவ்வளவு காலம் நீண்டாலும் அந்தத் தேதி மாறாது. ஆனால் மனுப் போடுவதற்கு முந்திய மாதங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. உறவினர் பேச்சு வார்த்தையில் பெரியவர் வீட்டில் இதுவரை பதினெட்டு மாதம் கழிந்திருக்கிறது. அடுத்த கூட்டம் தை மாதத்தில் வைத்துக் கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். பேச்சு நடக்கிறபடி நடக்கட்டும். மனுவை இந்த வாரமே போட்டு விடும்படி அவருக்கு எழுதியிருக்கிறோம்.